இறந்தது எந்தக் கலியபெருமாள்

1

செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுகிற மனுஷனை உங்கள் ஊரில் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டுமானால் மலாயாவுக்கு வாருங்கள். கிள்ளானில் பஸ் ஏறினால் ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் இறக்கிவிடுவார்கள். அங்கே விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று, பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டு வரவு எழுதுகிற கிராணி ஒருவன் இருப்பான். அவன்தான். பெயர் கலியபெருமாள். செத்துப்போனவன் பெயரும் கலியபெருமாள்தான்.

அந்தக் கிராணி நான்தான். இன்று செத்தவன் திதி. என் மனைவி எனக்கு முன்னால் எழுந்து குளித்து, அடுப்பு மூட்டி, முருங்கைக்கீரை வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிய மச்சானுக்கு இதுன்னா உசுருங்க. சூடா எடுத்துப் போட்டா சட்டியே காலியாயிடும்" என்றாள்.

இவளைக் கட்டி இத்தனை வருஷமாகிறது. எனக்குப் பிடித்த பலகாரம் எது என்று கேட்டால் முழிப்பாள். போனவனுக்குப் பிடித்தது மட்டும் மறக்கவில்லை. படையல் போட்டுக் கும்பிட்டோம், காக்கைக்கு வைத்தோம், நான் பெரட்டுக்குப் போனேன். பெயர்களைக் கூப்பிடும்போது இரண்டு கலியபெருமாள் வந்தார்கள். தென்னாற்காட்டுக்காரர் ஒருவர், குன்னத்துக்காரர் ஒருவர். இருவரும் "ஆஜர்" என்றார்கள். மனசு சரியில்லாமல் போயிற்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

இந்தப் பெயரை நம் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூர்க் கடைத்தெருவில் நின்று கலியபெருமாள் என்று ஒரு சத்தம் கொடுத்தால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற பெயர். எங்கள் தாத்தாவுக்கும் அதே பெயர். அவருக்கு இரண்டு மகன்கள். தலைப்பிள்ளைக்குத் தன் அப்பன் பெயரை வைக்காதவன் ஆண்பிள்ளையே இல்லை என்பது உடையார்பாளையத்துப் பக்கத்துக் கொள்கை. அண்ணன் தம்பி இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரியப்பா வீட்டில் ஒரு கலியபெருமாள் பிறந்தான். மூன்று மாதம் கழித்து எங்கள் வீட்டில் நான் பிறந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஊரில் அவனை மேலவூட்டுக் கலியன் என்றும் என்னைக் கீழவூட்டுக் கலியன் என்றும் சொன்னார்கள்.

பொறாமை எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால் தொட்டிலுக்கே போக வேண்டியிருக்கிறது. பெரியம்மாவுக்குப் பால் நின்றுபோயிற்று. நான் பிறந்ததும் என் அம்மா இரண்டு பேருக்கும் கொடுத்தாள். அதாவது, எனக்கென்று வந்த பாலில் பாதியை நான் கண் திறக்கும் முன்னே அவன் குடித்துவிட்டான். இது எனக்கு ஞாபகமிருக்க நியாயமில்லை. ஆனால் ஊரில் இதைச் சொல்லாத பொம்பளை கிடையாது.

மூன்று மாதம் மூத்தவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா உத்தரவு. கூப்பிடாவிட்டால் அடி. கம்பங்களி கிண்டினால் சுவர்ப் பக்கம் பார்த்து, "மேலவூட்டான் வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் உருண்டையைப் பிடிப்பாள். அவன் அதை வாங்கிக் குழம்பில் முக்கி ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "சின்னம்மா கை கையிதான்" என்பான். அம்மா முகம் மலர்ந்துபோகும். எனக்கு அப்படிப் பேச வராது. நான் நன்றாகப் படித்தேன். அவன் நன்றாகச் சிரித்தான். எது விலைபோகும் என்று உங்களுக்கே தெரியும்.

3

இரண்டு பேரும் ஒரே கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தோம். அவனுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. அஞ்சலை அண்ணி வயிற்றுப்பிள்ளையோடு மேலவீட்டில் இருந்தார்கள். கப்பலில் நான் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தேன். அவன் சமையல்காரனைச் சிநேகம் பிடித்து எனக்கும் சேர்த்து ரசம் வாங்கி வந்தான்.

எட்டாவது வரை படித்த எனக்குத் தோட்டத்தில் கிராணி வேலை கிடைத்தது, கல்யாணமும் இங்கேயே ஆயிற்று. அவன் பால்வெட்டுக்குப் போனான். இந்த ஒரு இடத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஒரு கல்யாணம், ஒரு சண்டை, ஒரு பிரசவம் எதுவானாலும் ஆள் அனுப்புவது அவனுக்குத்தான். என்னைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். மரியாதை எனக்கு, பிரியம் அவனுக்கு.

ஜப்பான்காரன் வந்த பிறகு தோட்டத்துக்கு லாரிகள் வந்தன. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது எனக்கு மலேரியா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அவன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"டேய், கஞ்சியக் குடிடா. மூஞ்சியப் பாரு. நான் போயி ரயிலு உட்டுட்டு வந்துடுறேன்."

அதுதான் கடைசி. யுத்தம் முடிந்து பல மாதம் கழித்து, அவனோடு போய் உயிரோடு திரும்பிய ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். முகாமின் பெயரைச் சொன்னார். காலரா என்றார். காலரா கண்டவர்கள் கொட்டகைப் பக்கம் யாரும் போகாதபோது இவன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தானாம். அதில் இவனுக்கும் வந்ததாம். கேட்டு அழுதேன். அழுதுகொண்டே, சாவிலும் எனக்கு எட்டாத இடத்தில் போய் நின்றுகொண்டாயே என்றும் நினைத்தேன். உடனே ஊருக்கு எழுதினேன். தபால் சரியாக ஓடாத காலம். அந்தக் கடிதம் போய்ச் சேர மேலும் சில மாதங்கள் ஆயின.

4

காதர் பாய்க்கு லப்பைக்குடிக்காடு. கிள்ளானில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விட்டு வந்தார். அவரிடம் என் அம்மாவுக்கு ஒரு சேலையும் சோப்பும் கொடுத்தனுப்பியிருந்தேன். திரும்பி வந்தவர் என் வீட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலீங்க. கையில மவுத்துக் காயிதம் இருக்கு. உங்க ஆளுங்க இத வூட்டுக்குள்ள வைக்க மாட்டீங்கள்ல."

கருமாதிப் பத்திரிகை. நான்கு ஓரமும் கறுப்பு. 'எங்கள் குடும்பத் திலகமும், பார்த்தவர் மனம் கவரும் பண்பினருமான கலியபெருமாள் அவர்கள் மலாயாவில் வைகுண்ட பதவி அடைந்த' என்று போட்டு, கீழே பங்காளிகள் பெயர்கள் வரிசையாக. என் பெயர் இல்லை. மறுபடியும் பார்த்தேன். ஒன்றுவிட்ட சித்தப்பா மருமகன் பெயர்கூட இருந்தது. நான் இல்லை.

"நம்ம பேரக் காணுமே பாய்?"

"அச்சாபீசுல கேட்டாங்களாம். உங்கம்மாதான் வேணாம்னுட்டாங்களாம். கறுப்புக் கோடு போட்ட காயிதத்துல ஒங்க பேரு வரக்கூடாதுன்னு."

செத்தவன் பெயரே என் பெயர்தான். அது அம்மாவுக்கு உறைக்கவில்லை போலிருக்கிறது. என் மனைவி அந்தப் பத்திரிகையை வாங்கி வெளியிலேயே கூரை இடுக்கில் செருகினாள். என் மூத்த மகன் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தான். ஜப்பான் பள்ளிக்கூடத்தில் இச்சி, நீ, சான் என்று எண்ணப் படித்தவன். தமிழ் எழுத்து இப்போதுதான் வருகிறது.

"அப்பா, இது ஒங்க நாமாதானே? அப்ப செத்தது நீங்களா?" என்று கேட்டான். மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி, பெயருக்கு அவன் சொல்கிற சொல் அது. பங்காளி என்றால் யார், தாத்தா பெயரை ஏன் வைக்கிறோம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பாதியில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

பத்திரிகையில் இருந்த தேதி என் கடிதம் போய்ச் சேருவதற்கு முந்தியது. நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"ஊர்ல சேதி யாரு சொன்னது பாய்?"

"இங்கேருந்து திரும்புன ஆளு ஒருத்தரு, ஜெயங்கொண்டம் போற வழியில எறங்கிச் சொன்னாராம். சாவு சொல்றவரு வூட்டுக்குள்ள வர மாட்டாருல்ல? ரெண்டு வூட்டுக்கும் நடுவுல தெருவுல நின்னுக்கிட்டு, 'ஒங்க மலாயாக் கலியபெருமா சயாம்ல போயிட்டாரு'ன்னு சொன்னாராம்."

"எந்தக் கலியபெருமான்னு சொல்லலியா?"

"ரெண்டு பேரு இருக்கீங்கன்னே அவருக்குத் தெரியாது போல."

"எங்கம்மா கேட்டிருப்பாங்களே?"

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேக்கலீங்க. அதத்தான் ஊரே பெருமையாச் சொல்லுது. சேதி காதுல உழுந்ததும் ஒங்கம்மாதான் மொத ஆளா மேலவூட்டு வாசல்ல போயி உழுந்து, அஞ்சலைப் பொண்ணக் கட்டிக்கிட்டு அழுதாங்களாம். தான் பெத்த மவன் இருக்கானா இல்லியான்னுகூட நெனைக்காம, பாலு குடுத்த புள்ளைக்கு அழுதாங்கன்னு சொல்றாங்க. அல்லா, அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?"

எனக்கு வராது. நான் உயிரோடிருப்பது அன்றைக்கு ஊரில் ஒரு ஆத்மாவுக்கும் தெரியாது. என் கடிதம் போய்ச் சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு. கணக்குப்படி பார்த்தால் அந்தச் சாவில் சரிபாதி எனக்கும் சேர வேண்டியது. இரண்டு கலியபெருமாளில் ஒருவன் போய்விட்டான் என்றால், எவன் என்று ஒருவராவது பதறியிருக்க வேண்டாமா? ஊர் கிடக்கட்டும், பெற்றவள்? ஒரு வார்த்தை, 'எந்தக் கலியன்?' என்று கேட்க என்ன செலவு? என் பங்குப் பாலைக் கொடுத்தாள், முதல் உருண்டையைக் கொடுத்தாள், போகட்டும். எனக்காகப் பயப்பட வேண்டிய பயத்தைக்கூடவா அவனுக்குக் கொடுப்பாள்?

போகும்போது பாய் திரும்பி நின்றார்.

"அந்தப் பொண்ணு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு. பட்டாவுல மவன் பேருக்கு மாத்த, மலாயா சர்க்கார் காயிதம் இல்லாம முடியாதுன்னு கணக்குப்பிள்ளை சொல்றாராம். அத வாங்கித் தரணுமாம். அதுல செத்தவரோட அப்பா பேரு கட்டாயம் இருக்கணுமாம்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

5

இறந்தவனைத் தேடுவது இருப்பவனைத் தேடுவதைவிடச் சிரமம். முதலில் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். யுத்தத்துக்குப் பின் வந்த இதழ்களைத் தைத்து அடுக்கி வைத்திருந்தார்கள். சயாமிலிருந்து திரும்பியவர்கள் கூட இருந்தவர்களுக்கு மரண அறிவிப்புக் கொடுத்திருக்கிறார்கள், அதில் இருந்தாலும் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். தோட்டத்தில் லீவு கிடைத்த நாளெல்லாம் போய் உட்கார்ந்து புரட்டினேன்.

வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கெட்டவர்கள் யாரும் சாவதேயில்லையா? இறந்தவர்களில் ஒரு கஞ்சன் இல்லை, ஒரு கோபக்காரன் இல்லை, பெண்டாட்டியை அடித்தவன் ஒருத்தன்கூட இல்லை. எல்லாரும் ஈகைக் குணம், எல்லாரும் இன்முகம். எனக்குத் தெரிந்த ஒரு கங்காணி, ஆட்களைப் பிரம்பால் விளாசியவர், அவரும் அதில் 'குழந்தை உள்ளம் கொண்டவர்' ஆகியிருந்தார். என்னைப் பற்றி எழுதினால் என்ன போடுவார்கள் என்று யோசித்தேன். 'கணக்கில் பிழை விடாதவர்' என்பதற்கு மேல் எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பழங்காகித வாசனை அடிக்கிற அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத அத்தனை பிணங்கள் மேலும் பொறாமைப்பட்டேன்.

எங்கள் கலியபெருமாள் அதில் இல்லை.

அப்புறம் சர்க்கார் ஆபீஸ். சயாமுக்குப் போனவர்கள் கணக்கைப் பார்க்க ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு, அங்கிருந்து அடுத்த கட்டடத்துக்கு என்று துரத்தினார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துப் பெரிய கிளார்க் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் முகாம் ஆஸ்பத்திரியில் யாரோ எழுதி வைத்த இறந்தோர் பட்டியலை எடுத்து, விரலால் தடவிக்கொண்டே வந்து நின்றார்.

"இஞ்ச இருக்கு. கலியபெருமாள், அரியலூர். காலரா. தகப்பன்ர பேர் போடேல்லை. உங்கட பேர் என்ன?"

"கலியபெருமாள்."

"ஊர்?"

"அரியலூர்ப் பக்கம்."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"அப்ப செத்தது ஆர்?"

"நான் இல்லைங்க."

"அது எனக்குத் தெரியுது. ஆனா அதை நீங்கள் எழுதித் தரவேணும். சத்தியம் செய்து."

முகாமின் பெயர் சரியாக இருந்தது. திரும்பி வந்தவர் சொன்ன அதே இடம். சந்தேகமே இல்லை, அவன்தான். ஆனாலும் அந்த வரியை நான் வாசித்தபோது என் பெயரையும் என் ஊரையும்தான் வாசித்தேன். அதில் அவன் என்று சொல்ல ஒரு அடையாளமும் கிடையாது. ஒரு நிமிஷம் நான்தான் சயாமில் மண்ணுக்குள் கிடக்கிறேன் என்று வைத்துப் பார்த்தேன். அவன் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்து, ஊருக்குப் போய், அம்மாவின் கையால் களி வாங்கித் தின்கிறான். அம்மாவுக்கு அதில் ஏதாவது குறை இருக்குமா என்று யோசித்தேன். இருக்காது என்றே பட்டது.

மேற்கண்ட பட்டியலில் உள்ள கலியபெருமாள் நான் அல்ல என்றும், அவன் என் பெரியப்பா மகன் என்றும், பெரியப்பா பெயர் இன்னதென்றும் எழுதி, மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தி, தகப்பன் பெயரோடு ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானே கப்பல் ஏறினேன். காகிதத்தைக் கொடுப்பது ஒரு சாக்கு. அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

6

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டி பிடித்தேன். செம்மண் பாதையில் வண்டி குலுக்கிய குலுக்கலில், "பெலான், பெலான்" என்று கத்திவிட்டேன். மெதுவாக என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வோம். வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு, "யாருங்க பெலானு? எறங்கணுமா?" என்று கேட்டார். சொந்த ஊருக்குப் போகிற வழியில் நான் அசலூர்க்காரன் ஆன கதை இது.

நேராக மேலவீட்டுக்குத்தான் போனேன். காகிதம் கையில் இருக்கும்போது அதைக் கீழவீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அஞ்சலை அண்ணி வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை. என்னைக் கண்டதும் எழுந்து, வாங்க என்று சொல்லாமல் முறத்தை நகர்த்தி வைத்தார்கள். துக்கக் காகிதத்தோடு வருகிறவனை வா என்று சொல்லக்கூடாதல்லவா?

காகிதத்தை விரித்தேன்.

"அப்பா பேரு போட்டிருக்கா தம்பி?"

"போட்டிருக்கு அண்ணி."

"எந்த எடத்துல?"

காட்டினேன். படிக்கத் தெரியாதவர்கள். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, எடுக்காமல் கேட்டார்கள்.

"என்னிக்குன்னு இருக்கா?"

"ஆடி மாசம் வருது."

"ஆடியிலயா? அப்ப கடலை போட்டுக்கிட்டு இருந்தோம். அந்த வருஷம் நல்ல மழ." மற்றக் கையால் முறத்துக் கடலையை அளைந்தார்கள். "அன்னிக்கு நான் சிரிச்சிக்கிட்டுகூட இருந்திருப்பேன் தம்பி. கடலை போடுறப்ப நாலு பேரு சேந்தா சிரிப்புத்தானே?"

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தாலி வாங்குனாங்க, வெள்ளச் சேல குடுத்தாங்க. நான் ஒண்ணும் பேசல. ஆனா மனசுக்குள்ள, போனது கீழவூட்டுத் தம்பியா இருக்கும், இவரு வந்துடுவாருன்னுதான் இருந்தேன். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன். ஒங்க கடுதாசி வந்திச்சி பாருங்க, அன்னிக்குத்தான் எனக்குத் தாலி அறுந்திச்சி."

நான் உயிரோடிருக்கிறேன், அண்ணன் போய்விட்டான் என்று நான் எழுதிய கடிதம் அது. எத்தனை பத்திரிகைகளைப் புரட்டினேன்! அவனுடைய மரண அறிவிப்பை நானே எழுதி, நானே ஸ்டாம்பு ஒட்டி, தபாலில் போட்டிருக்கிறேன்.

கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பொறாமைதான் வந்தது. தன் புருஷன் வர வேண்டும் என்பதற்காக இன்னொருவனைச் சாகக் கேட்கிற அளவுக்கு ஒருத்தி. அவனுக்கு அப்படி ஒருத்தி. எனக்கு யார்?

"வந்த ஆளுகிட்டக் கேட்டிருக்கலாமே அண்ணி, எந்தக் கலியபெருமான்னு?"

"கேக்கறதுக்குள்ள சின்னத்தை வந்து உழுந்துட்டாங்களே தம்பி. அவுங்க அழுத சத்தத்துல நான் என்னத்தக் கேக்கறது? ஊரே எங்க வாசல்ல ஒக்காந்துடுச்சி. அப்புறம் எங்கூட்டுச் சாவுதானே?"

அதனால்தான் தகப்பன் பெயர் கேட்டிருக்கிறார்கள். பட்டாவுக்கு மட்டுமில்லை, போனது மேலவீட்டான்தானா என்று சந்தேகம் தீர.

7

அம்மா கொல்லையில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் என்னைத் தடவிப் பார்த்தாள், இளைத்துவிட்டாய் என்றாள், மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன். கப்பல் முழுக்க ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன்.

"ஏம்மா, சேதி வந்தப்ப எந்தக் கலியன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒனக்குத் தோணலியா? நானும் அங்கதானே இருந்தேன்?"

அவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

"கேட்டா சொல்லிப்புடுவானேடா."

எனக்கு முதலில் புரியவில்லை. உமி என் காலடியில் வந்து விழுந்தது.

"அவன் நடுத்தெருவுல நிக்கிறான். கலியபெருமான்னு சொல்லிட்டான். இன்னம் ஒரு வார்த்தை பேசுனா கீழவூடுன்னு வாயில வந்துடுமோன்னு ஈரக்கொல நடுங்குது. அதான் ஓடுனேன். அவன் அடுத்த வார்த்தை பேசறதுக்குள்ள மேலவூட்டு வாசல்ல போயி உழுந்துட்டேன். அழுவுற எடத்துலதானே சாவு இருக்கும்?"

"பாலு குடுத்த புள்ளைக்கு அழுதன்னு ஊரே பேசுதும்மா."

"ஊரு என்னத்தக் கண்டுது? அன்னிக்கு நான் அழுதது ஒனக்குடா."

முறத்தைக் கீழே வைத்தாள்.

"எம்பாலக் குடிச்சவனத்தான் தூக்கிக் குடுத்தேன். ஒங்கடுதாசி வந்தப்பகூட, இது வேற எந்தூருக் கலியனாவோ இருக்கும், இவனும் வந்துடுவான், பெருமாளு ரெண்டு பேரையும் குடுத்துடுவாருன்னு இருந்தேன். நம்ம பக்கம் கலியனுக்கா பஞ்சம்?" பிறகு கேட்டாள். "அண்ணிக்குக் கொண்டாந்தியே ஒரு காயிதம், அதுல ஒம்பேரு இல்லியே?"

அந்தக் காகிதத்தில் இருப்பதே என் பெயர்தான்.

"இல்லம்மா" என்றேன். "மேலவூட்டுப் பெரியப்பா பேரு இருக்கு."

"முத்திரை குத்தியிருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவன் வரவே மாட்டான்."

புடவையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள். கொல்லை வழியாகவே நடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி ஏதோ சொல்வதும், பிறகு இரண்டு பேரும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்காருவதும் சத்தத்திலேயே தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் செத்த வீட்டில் அப்படித்தான் உட்காருவார்கள். அம்மாவின் குரல் எழும்பியது. நான் பெறாத மகனே என்றாள், என் நெஞ்சை நனைச்ச கண்ணே என்றாள், உன்னைக் காட்டிக் கொடுத்தேனே என்றாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை. அது முழுக்க முழுக்க அவனுக்கு.

நான் கொல்லையில் வரகுக்குக் காவலாக நின்றேன். எனக்காக அழுதது எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் மனசு அதோடு ஆறியிருக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டேயிருந்தாள். பெருமாள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.